அப்பா கேட்காத அழைப்பு

ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டில் அப்பாவுக்குக் கடைசி மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. வளைகுடாவில் இருக்கும் அண்ணனின் குரலைக் கேட்கத் தவித்தார். அண்ணனோடு பேசும் இன்டர்நெட் போனோ கம்பெனி சர்வரில் பதிவாகவே இல்லை; அழைப்பே போகவில்லை. அதைப் பொருத்தித் தந்த கடைக்கார பாய், ராஜபாளையத்திலிருந்து பைக்கில் வந்து சேர்ந்தார்.

“கால் போற ப்ராக்ஸி சர்வர் அட்ரஸை கம்பெனிக்காரக மாத்திட்டாக தாயி. செத்த நேரம் பொறுங்க.”

புதிய அட்ரஸைப் போட்டதும் பதிவானது. அண்ணனுக்கு மணி போய்க்கொண்டிருக்கும்போதே அப்பாவின் மூச்சு நின்றுவிட்டது.

“அப்பா!” என்றான் மறுமுனையில் அண்ணன்.

நான் வாய் திறக்குமுன் பாய் என் கையைப் பிடித்துத் தடுத்தார். “மொதல்ல ஒங்க அண்ணன் பேசட்டும்மா,” என்று கிசுகிசுத்தார்.

போனை அப்பாவின் காதில் வைத்தேன்.

“வர முடியலப்பா, மன்னிச்சிருங்க,” என்று அண்ணன் அழுதான். பாயும் அழுதார்.

அப்பா கேட்டுவிட்டுத்தான் போனார் என்று அண்ணன் இன்றும் நம்புகிறான். அவனிடம் உண்மையைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.