கணப்புக்குப் பின்னால் இன்னொரு கணப்பு

தர்ஸாவுக்கு அந்த வீட்டில் ஓர் இரவுகூட ஒழுங்காகத் தூக்கம் வந்ததில்லை. இங்கிலாந்தின் பிளிமத் நகரில் அவள் வளர்ந்த தெரு முழுக்கச் செங்கல் வீடுகள். போரில் குண்டு விழுந்து அத்தனையும் பொடிப்பொடியாகப் போனதைக் கண்ணால் பார்த்தவள். போர் முடிந்து, பால் வண்டி ஓட்டும் கில்பர்ட்டைக் கட்டிக்கொண்டு டெவன் கிராமத்துக்கு வந்தால், அவன் வீடு வெறும் மண். மண்ணையும் வைக்கோலையும் மிதித்துக் குழைத்து எழுப்பிய சுவர். அதன்மேல் இடுப்பளவு கனத்துக்குக் கோதுமைத் தாள் வேய்ந்த கூரை. செங்கல்லே நிற்கவில்லை, இது எந்த மூலைக்கு?

குளிர்காய நெருப்பு மூட்டும் கணப்பில் கரி வெடித்தால் போதும், வெளியே ஓடிப்போய்க் கூரையை அண்ணாந்து பார்ப்பாள். போகும்போதும் வரும்போதும் சுவரைத் தட்டுவாள்.

"பிளிமத்காரி வீட்டுக்கு நாடி பிடிக்கிறா!" என்று பக்கத்து வீட்டு ஐவி ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தாள்.

ஒரு பிப்ரவரியில் அவள் தட்டியபோது கணப்பின் பக்கச் சுவர் உள்ளே வெற்றிடம் இருப்பதுபோல் ஒலித்தது. ஏதோ வாடை வேறு.

"எங்க தாத்தா காலத்துலேர்ந்து இப்படித்தான். வாடை வராம கணப்பா?" என்றான் கில்பர்ட்.

"இது கரி வாடை இல்ல. மரம் பொசுங்குற வாடை."

"உனக்கு ஒரு இடத்துல இருப்பு கொள்ளாது. அதுக்கு வீட்டைக் குத்தம் சொல்லாத."

மறுநாள் அவன் பால் ஏற்றப் போனதும் தர்ஸா நெருப்பை அணைத்துவிட்டுச் சுத்தியலை எடுத்தாள். கரி எரியும் இரும்புத் தட்டியைப் பெயர்த்தாள். பின்னால் இருந்த செங்கல்லை உடைத்தால், உள்ளே அதைவிடப் பெரிய பழைய கணப்பு ஒன்று. அதையும் உடைத்தாள். அதற்குப் பின்னால் இரண்டு பேர் தாராளமாக உட்காரும் அளவுக்குக் கரி படிந்த கல் மாடம். உள்ளே நுழைந்து டார்ச் அடித்து மேலே பார்த்தாள். படுக்கையறையைத் தாங்கும் உத்தரத்தின் முனை புகைப்போக்கிக்குள் நீட்டிக்கொண்டிருந்தது. முனை முழுக்கக் கருகியிருந்தது. அதன் வெடிப்பில் சிவப்பாக ஒரு கங்கு மினுங்கிக்கொண்டிருந்தது.

சத்தம் கேட்டு வந்த ஐவி அலறினாள். "அடிப்பாவி, வீட்டையே இடிச்சிட்டியா! கில்பர்ட் உன்னைத் தொலைச்சிடுவான்."

"முதல்ல அந்த வாளியைக் கொண்டா!"

வாளி வாளியாக ஊற்றினார்கள். உத்தரம் சீறி அடங்கியது.

வேலை முடிந்து திரும்பிய கில்பர்ட் வாசலிலேயே கத்தத் தொடங்கினான். தர்ஸா அவன் கையைப் பிடித்து இழுத்து உத்தரத்தின் முனையில் வைத்தாள். மரம் பிஸ்கட்டு மாதிரி உதிர்ந்தது.

"நம்ம கட்டிலுக்கு நேர் கீழ..." என்றவன் இடிந்த செங்கல்மேலேயே உட்கார்ந்துவிட்டான்.

கொத்தனார் வந்து, கருகிய முனையை அறுத்தெடுத்து, கல் தூண் கட்டி உத்தரத்தைத் தாங்கவைத்தார். பெரிய கணப்பை மூடாமல் விட்டார்கள். வேடிக்கை பார்க்க வந்து மாடத்துக்குள் உட்கார்ந்த ஐவி, தேநீர் குடித்து முடித்த பிறகும் எழுந்திருக்கவில்லை.

"இனியாவது தூங்குவியா?" என்று கேட்டான் கில்பர்ட்.

"ஒண்ணைத்தானே கண்டுபிடிச்சேன். இன்னும் எத்தனை இருக்கோ!"

சில வருடங்கள் கழித்து ஊர்க்கோடியில் அரசாங்கம் புதுச் செங்கல் வீடுகள் கட்டியது. இவர்களுக்கும் ஒன்று கிடைப்பதாக இருந்தது. பார்க்கப் போன தர்ஸா போன வேகத்தில் திரும்பி வந்தாள்.

"என்ன ஆச்சு?"

"பக்கத்து வீட்டுக்காரன் இருமினா நம்ம சுவர் ஆடுது. அதுக்குள்ள யாரு படுப்பா?"

"அப்ப இங்கேயே இருந்துடுவோமா?"

"நான் எப்போ அப்படிச் சொன்னேன்?" என்றபடி, கோட்டைக்கூடக் கழற்றாமல், கூரையைச் சோதிக்க ஏணியைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாள்.