கொக்கி மட்டும்தான் பாக்கி

தாம்பரத்தில் என் அக்கா ஜாக்கெட் தைத்தாள். அவள் மிஷின் மிதித்த காசில்தான் நான் சிற்பம் படித்தேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நகரத்து கேலரி ஒன்று பெரிதாக ஏதாவது செய்து தரச் சொன்னபோது, மிஷினில் குனிந்திருக்கும் அக்காவையே ஆளுயரத்துக்குச் சுடுமண்ணில் செய்வதென்று முடிவெடுத்தேன். அதற்குள் அவளுக்கு வயிற்றில் புற்றுநோய். பொங்கலைத் தாண்டுவது கஷ்டம் என்றார் டாக்டர். அவள் கண்ணில் அந்தச் சிலையைக் காட்டிவிட வேண்டும்; எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

ஊரப்பாக்கத்தில் ஒரு கொட்டகை எடுத்திருந்தேன். அவளுடைய டேப்பாலேயே அவளை அளந்தேன். சுட்டால் மண் சுருங்கும் என்பதால் எல்லா அளவையும் கூட்டிக்கொண்டேன்.

"நனைச்சா சுருங்குற காடாத் துணி மாதிரின்னு சொல்லு," என்றாள்.

ஐப்பசி மழை விடாமல் பெய்தது. அவ்வளவு கனத்த மண் உள்வரை காய இரண்டு மாதமாவது வேண்டும். ஈரம் மிச்சமிருந்தால் சூளைக்குள் ஆவியாகி வெடித்துவிடும். முதல் வருட மாணவிக்கும் தெரிந்த விஷயம். எனக்குப் பிறவியிலேயே பொறுமை கிடையாது. அன்று பொறுமையாக இருக்க வழியும் இல்லை. மண்ணில் கன்னத்தை வைத்துப் பார்த்தேன். ஜில்லென்றுதான் இருந்தது. அப்படியும் மூன்றாவது வாரமே சூளையைப் பற்றவைத்தேன். மத்தியானத்துக்குள் உள்ளே படபடவென்று வெடித்தது. ஆறிய பிறகு திறந்தால், ஒரு கை மட்டும் முழுசாக இருந்தது. மீதியை முறத்தில் அள்ளினேன்.

"முடிஞ்சுதாடி?" என்று படுக்கையிலிருந்து கேட்டாள்.

"முடிஞ்ச மாதிரிதான்க்கா. மெருகு மட்டும்தான் பாக்கி."

அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "வெட்டவே வெட்டாத துணிக்கு, 'கொக்கி மட்டும்தான் பாக்கி'ன்னு எத்தனை பேர்கிட்ட சொல்லியிருப்பேன்! என்கிட்டயேவா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது; ஈரத்தோடு சுட்டு வெடித்ததைச் சொல்லிவிட்டேன். அவள் என் கையை இழுத்து, விரலில் ஒட்டியிருந்த கரியைத் தன் புடவையில் துடைத்தாள்.

"அடுத்ததையாவது நல்லா காயவிட்டு வைடி," என்றாள்.

மார்கழியில் போய்விட்டாள்.

அடுத்ததை மூன்று மாதம் காயவிட்டேன். யாருக்காக அவசரப்பட வேண்டும்? ஒரு விரிசல்கூட இல்லாமல் வந்தது. திறப்பு விழாவில் எல்லோரும் என் பொறுமையைப் புகழ்ந்தார்கள். யாரையாவது ஓங்கி அறைய வேண்டும் போலிருந்தது.