கற்பூரம் அணைத்து விற்ற அச்சு

என் முதலாளிக்குக் கார் இருந்தது. ஆனால் அந்தக் கார் அவர் வீட்டு வாசலை ஒருநாளும் பார்த்ததில்லை. கொல்லிமலைக்கு மேலே, வளப்பூர் நாடு என்று சொல்லும் பகுதியில் அவருடைய வீடும் காடும். அந்தக் காலத்தில் மலைக்கு ரோடு கிடையாது. பலாவும் மிளகும் தலைச்சுமையாகத்தான் இறங்கும். வண்டி அடிவாரத்தில், முள்ளுக்குறிச்சியில் ஒரு புளியமரத்தடியில் நிற்கும். யாரோ ஒரு துரை ஊருக்குக் கப்பலேறும்போது விற்றுவிட்டுப் போன பழைய கார். பின் சீட்டைப் பிடுங்கிப் போட்டுவிட்டு ராசிபுரம் சந்தைக்கு அதில் சுமை ஏற்றுவோம். ஓட்டுகிறவன் நான். செருப்பில்லாமல், கம்பளியைப் போர்த்திக்கொண்டு, சந்தைக்குச் சந்தை மலையிறங்கி வருகிற அந்த மனிதர்தான் கார் முதலாளி என்றால் ராசிபுரத்தில் ஒருவரும் நம்பமாட்டார்கள்.

அவருக்கு வண்டியைப் பற்றி ஒன்றும் தெரியாது. தெரிந்துகொள்ளும் ஆசையும் இல்லை. "பெல்ட்டு அந்து போச்சுங்க" என்றால், "செரி சாமி, மாத்திப்போடு" என்பார். "டயர் தேஞ்சு போச்சுங்க" என்றாலும் அதே பதில்தான். ஒருநாளும் குனிந்து பார்த்ததில்லை. எனக்கோ மூக்குக்கு மேல் கோபம் வரும். யாரிடமும் நிலைத்து வேலை பார்த்தவனில்லை. அவரிடம் மட்டும் வருஷக்கணக்கில் ஒட்டிக்கொண்டிருந்தேன் என்றால் அந்த 'செரி சாமி'தான் காரணம்.

யுத்தம் வந்தது. சீமையிலிருந்து மோட்டார் சாமான் வருவது நின்றுபோயிற்று. அந்த நேரம் பார்த்துப் பின்பக்கத்து அச்சு முறிந்தது. என்ஜினின் விசையைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகிற இரும்புத் தண்டு அது. அது இல்லாவிட்டால் கார் வெறும் தகரப் பெட்டிதான். சேலத்தில் ஒரு கடையில் கிடைக்கும் என்று கேள்விப்பட்டு நானும் முதலாளியும் போனோம். கடைக்காரன் எங்களை வரவேற்ற வரவேற்பு இருக்கிறதே, சம்பந்தி வீட்டாருக்குக்கூட அப்படிக் கிடைக்காது. பாய் விரித்தான். மோர் வந்தது, வெற்றிலை வந்தது. பிறகு உள்ளேயிருந்து ஓர் அச்சு வந்தது, கறுப்புச் சாயம் பளபளக்க.

நான் அதைத் தூக்கிப் பார்த்தேன், தட்டிப் பார்த்தேன். அளவு சரியாகத்தான் இருந்தது. முதலாளி இரும்பின் பக்கம் திரும்பவேயில்லை. கடைக்காரனின் முகத்தைத்தான் பார்த்தார்.

"ஏனுங்க, இது நல்ல சாமான்னு கற்பூரம் அணைப்பீங்களா?"

மலையில் எந்த வழக்கும் அப்படித்தான் தீரும். எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அணைத்துச் சத்தியம் செய்துவிட்டால் அதற்கு மேல் பேச்சில்லை. பொய்ச் சத்தியம் செய்தவன் குடும்பம் விளங்காது என்பது அங்கே குழந்தைக்கும் தெரியும். உண்மை பேசுகிறவன்கூடக் கற்பூரத்தின் முன்னால் கைநடுங்கி நிற்பான். கடைக்காரன் நடுங்கவில்லை. சாமி படத்துக்கு அடியில் கற்பூரத்தைக் கொளுத்தி, "அசல் சீமைச் சாமானுங்க. பொய்யா இருந்தா நா நல்லா இருக்கமாட்டேன்" என்று பட்டென்று ஓர் அடி. நெருப்பு அணைந்தது. முதலாளி மகராசனாக அச்சை வாங்கித் தோளில் வைத்துக்கொண்டார்.

அடுத்த சந்தைக்கே அது முறிந்தது.

வண்டி நிறையப் பலாப்பழம். முள்ளுக்குறிச்சியைத் தாண்டி ஓடை மேட்டில் ஏறிக்கொண்டிருந்தேன். 'டக்'கென்று ஒரு சத்தம். என்ஜின் உறுமுகிறது, சக்கரம் சுற்றவில்லை. பிரேக்கை மிதித்தும் நிற்காமல் வண்டி பின்பக்கமாகவே சரிந்து ஓடைக்குள் போய் உட்கார்ந்தது. பழங்கள் உருண்டு தண்ணீரில் விழுந்தன. எனக்கு முழங்காலில் சிராய்ப்போடு போயிற்று. சக்கரத்தைக் கழற்றி அச்சை உருவிப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. நடுவில் ஒட்டு. இரண்டு பழைய துண்டுகளைப் பற்றவைத்து, அரத்தால் ராவி, மேலே சாயம் பூசியிருக்கிறான். மலைச்சனங்கள் நாலு பேரை ஏற்றிக்கொண்டு போகும் நாளில் இது முறிந்திருந்தால்? மனிதன் இப்படியும் விற்பானா என்று ஓடைத் தண்ணீரில் நின்றபடி வாய்விட்டே கேட்டேன்.

மறுநாள் அந்த இரண்டு துண்டுகளையும் சாக்கில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு மலையேறினேன். முதலாளி வாசலில் மிளகைக் கிளறி விட்டுக்கொண்டிருந்தார். சாக்கை அவிழ்த்து ஒட்டைக் காட்டினேன். கையிலிருந்த மிளகை உதறிவிட்டுப் பார்த்தார். பிறகு, குரலைக்கூட உயர்த்தாமல் கேட்டார்.

"அந்த நல்ல அச்ச வித்துப்போட்டு, இத மாட்டினயா சாமி?"

"என்னங்க சொல்றீங்க?"

"அவன் கற்பூரத்த அணச்சானே. சாமிக்கு முன்னால அணச்சவன் பொய் சொல்லியிருப்பானா?"

என்னென்னவோ கத்தினேன். அவர் கோபித்துக்கொள்ளவும் இல்லை. "வண்டிச் சாவியக் குடுத்துரு சாமி" என்று கையை மட்டும் நீட்டினார். அத்தனை வருஷத்துப் பழக்கத்தை ஒரு கட்டிக் கற்பூரம் தின்றுவிட்டது. சாவியைக் கொடுத்தேன். ஆனால் ஒரே ஒரு தரம் என்னோடு சேலத்துக்கு வந்தே ஆகவேண்டும் என்று அவர் வாசலைவிட்டு நகராமல் நின்றேன். கடைசியில் வந்தார்.

இந்தத் தடவை கடையில் பாயும் இல்லை, மோரும் இல்லை. கடைக்காரன் துண்டுகளைக் காலால் புரட்டிப் பார்த்தான்.

"இது எங்க கடைச் சாமானே இல்லீங்க. டிரைவரு மாத்தியிருப்பாரு. வேணும்னா அணைக்கட்டுங்களா?" கேட்டுக்கொண்டே கொளுத்திவிட்டான். மறுபடியும் பட்டென்று ஓர் அடி.

முதலாளி என் பக்கம் திரும்பினார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன், இருந்தது இரக்கம். எனக்கு ரத்தம் தலைக்கேறியது. இன்னொரு கற்பூரத்தை எடுத்து நானே கொளுத்தினேன்.

முதலாளி பதறிப்போய் என் கையைப் பிடித்தார். "வேண்டாஞ் சாமி! ஒரே எடத்துல ரெண்டு சத்தியம் நிக்காது. பொய்யின்னா உன்ற குடும்பமே போயிரும். அச்சு போனாப் போவுது!"

"விடுங்க!" அவர் கையை உதறிவிட்டு, "இந்த அச்சு இந்தக் கடையில வாங்கினதுதான்" என்று உள்ளங்கையைக் கற்பூரத்தின் மேல் வைத்தேன். எனக்குப் பழக்கமில்லை. பட்டென்று அடித்து எடுக்கத் தெரியாமல் அமுக்கிப் பிடித்துக்கொண்டே நின்றேன். தோல் தீய்ந்த வாடை வந்தது.

கடைக்காரன் சிரித்தான்.

வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தான். "அட, டிரைவரே! இப்படியா அணைக்கறது? கை வெந்துபோச்சு பாருங்க. டக்குனு அடிச்சு எடுக்கோணும். கொஞ்சம் பழகினா நீங்களே ஒரு கடை போட்டுக்கலாம்!"

முதலாளி அசையாமல் நின்றார். அப்படி ஒரு முகத்தை அதற்கு முன்னாலும் பின்னாலும் நான் பார்த்ததில்லை. கண்ணெதிரே மலை பெயர்ந்து விழுந்ததுபோல வாயைத் திறந்தபடியே நின்றார். நான்தான் அவரைக் கையைப் பிடித்துத் தெருவுக்குக் கூட்டிவந்தேன். ஒரு சுவரோரமாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார்.

"பொய் சொன்னாக்கூடப் பரவால்ல சாமி," என்றார் கடைசியில். "சிரிச்சானே. சாமி முன்னால நின்னுக்கிட்டுச் சிரிச்சானே." என் உள்ளங்கையை விரித்துக் கொப்புளத்தைப் பார்த்தார். கம்பளிக்குள்ளிருந்து சாவியை எடுத்து எனது மற்றக் கையில் வைத்து விரல்களை மூடினார்.

ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். நாமக்கல்லில் ஓட்டமில்லாமல் கிடந்த ஒரு காரிலிருந்து அச்சு கிடைத்தது. வண்டி மறுபடியும் சந்தைக்கு ஓடியது. கையில் கொப்புளமும் ஆறியது. அதன்பிறகு முதலாளி யாரிடமும் சத்தியம் கேட்கவில்லை. சந்தையில் உப்பு வாங்கினாலும் நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் வாங்கினார். போகட்டும், இனிமேல் ஏமாறமாட்டார் என்று எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

மழைக்காலம் தொடங்குகிற சமயத்தில் ஒருநாள் அவர் மலையிறங்கி வந்ததும், எப்போதும்போலச் சொன்னேன்: "டயர் தேஞ்சு போச்சுங்க."

சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். புளியமரத்தடியில் அவர் குனிந்து, டயரைச் சுற்றிச் சுற்றி விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். அச்சு முறிந்தபோதுகூட எனக்கு அப்படி வலித்ததில்லை. டயர் தேய்ந்துதான் இருந்தது. "செரி சாமி" என்று எழுந்து, கையைக் கம்பளியில் துடைத்துக்கொண்டார். என் முகத்தைப் பார்க்கவில்லை.