பலகையில் அவன் பெயர்

ஐம்பதுகளின் கடைசியில், தென்காசியில் நான் படித்த உயர்நிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புவரை நான்தான் முதல் மாணவன். பதினோராம் வகுப்பில் புளியறையிலிருந்து வந்து சேர்ந்த ஒருவன் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டான். ஒரு மைல் ஓட்டப் பந்தயத்திலும் அவனே ஜெயித்தான். எனக்கு வயிறு எரிந்தது.

என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால், வெற்றி பெற்றவர்களின் பலகையில் அவன் பெயரை எழுதும் வேலையைத் தலைமையாசிரியர் என்னிடமே கொடுத்தார். மற்றப் பெயர்களில் பாதி அளவுக்குச் சிறிதாக எழுதி வைத்தேன்.

மறுநாள் அவன் பலகையை ஒட்டி நின்று வாசித்தான்.

“ஏலே, நீயா எழுதுன? அச்சடிச்ச மாதிரி இருக்குலே. எங்க அய்யாவக் கூட்டிட்டு வந்து காட்டணும்,” என்றான்.

நான் செய்த கெடுதல்கூட அவனுக்குச் சந்தோஷமாகவே போய்ச் சேர்ந்தது. அன்றைக்கு அவனை இன்னும் அதிகமாக வெறுத்தேன்.