செலோடேப் புகார்

மாசாய் பக்கம் ஒரு தமிழ்ப்பள்ளியில் நான் மாணவர் நலத் துணைத்தலைமையாசிரியை. பதவிப் பெயர்தான் நீளம். வேலை என்னவோ பேன், வாந்தி, காணாமல்போன ஒற்றைக் காலணி. ஆசிரியர் மீது புகார் வந்தால் அதுவும் என் மேசைக்குத்தான் வரும். எட்டு வருடமாக ஒன்றுகூட வரவில்லை. அதை என் சாதனைபோலக் கூட்டங்களில் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஷிப்ட் முடிந்த கையோடு, தொழிற்சாலைச் சீருடையில் ஒரு தாய் வந்தார். இரண்டாம் ஆண்டில் படிக்கும் அவருடைய மகள் வகுப்பில் ஓயாமல் பேசினாளாம். வகுப்பாசிரியை அவள் வாயில் செலோடேப் ஒட்டிவிட்டாராம். பிள்ளை நான்கு நாளாகச் சரியாகச் சாப்பிடுவதில்லையாம்.

அந்த வகுப்பாசிரியை என் தோழி. பதினோரு வருடமாக பெர்மாஸ் ஜெயாவிலிருந்து தன் காரில் என்னை ஏற்றிக்கொண்டு வருபவள்.

எங்கள் தலைமையாசிரியருக்குப் பிரச்சினை என்றாலே கறிபஃப் ஞாபகம் வந்துவிடும். தாய், பிள்ளை, ஆசிரியை மூவரையும் தன் அறையில் உட்காரவைத்து, பலகாரம் கொடுத்து, கைகுலுக்கி முடித்துவிடலாம் என்றார்.

“செலோடேப்தானே லா, டீச்சர். கத்தியா எடுத்தாங்க?”

பிள்ளையை அந்த ஆசிரியை முன்னால் உட்காரவைக்கக் கூடாது என்றேன். வீரம் எல்லாம் இல்லை. இரண்டு வாரத்துக்கு முன்புதான் ஒரு ஹோட்டலில் புகார் விசாரிக்கும் பயிற்சிக்குப் போயிருந்தேன். மதியச் சாப்பாட்டைத் தவிர எனக்கு நினைவிருந்தது இந்த மாதிரி ஒன்றிரண்டு விதிகள்தான்.

பிள்ளையை நூலகத்தில் தனியாகப் பார்த்தேன். பதில் எதையும் எடுத்துக் கொடுக்கக் கூடாது, அவள் சொல்வதை அப்படியே எழுத வேண்டும். பத்து நிமிடம் தன் பூனையைப் பற்றிச் சொன்னாள். அதையும் எழுதினேன். பிறகு குரலை இறக்கிச் சொன்னாள்: “டீச்சர் வாய ஒட்டுனாங்க. எல்லாரும் சிரிச்சாங்க. அப்புறம் டீச்சர் போட்டோ எடுத்தாங்க.”

என் பேனா நின்றது. அந்தப் போட்டோவை நான் பார்த்திருக்கிறேன். தாய் சொன்னபோதே அது நினைவுக்கு வந்தது, விளையாட்டுக்கு எடுத்ததுதானே என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். முந்தின வெள்ளிக்கிழமை வீடு திரும்பும்போது, சிவப்பு விளக்கில் காரை நிறுத்தித் தோழி கைப்பேசியை நீட்டினாள். வாயில் பட்டை, முகம் முழுக்கக் கண். நான் சிரித்தேன். லேசாக அல்ல, குடித்துக்கொண்டிருந்த மைலோ மூக்கில் ஏறுகிற அளவுக்கு. இப்போது அதே கண்கள் என் முன்னால் இருந்தன. அவை விளையாடவில்லை என்பது ஒரு குருடிக்குக்கூடத் தெரிந்திருக்கும்.

இலாகாவுக்கு எழுதிய அறிக்கையில் என் சிரிப்புக்கும் ஒரு பத்தி ஒதுக்கினேன். தலைமையாசிரியர் படித்துவிட்டுத் தலையில் கைவைத்தார்.

“அலமாக், உங்கள ஏன் இதுல இழுத்துக்கிறீங்க? அந்தப் பத்திய எடுத்துருங்க.”

எடுத்தால் மீதியும் பொய்யாகிவிடும் என்றேன். பல் பிடுங்கிக்கொள்ளப் போகிறவர் முகத்தோடு கையெழுத்துப் போட்டார்.

அன்று மதியம் தோழி காரில் காத்திருந்தாள். விசாரணை முடியும்வரை அவளோடு வர முடியாது என்று மட்டும் சொன்னேன். கார்க் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போய்விட்டாள். மறுநாளிலிருந்து ஆசிரியர் அறையில் என் பெயர் போலீஸ்.

கல்வி இலாகாவிலிருந்து வந்து விசாரித்தார்கள். தோழி எதையும் மறைக்கவில்லை. சில மாதம் வகுப்பு இல்லாமல் அலுவலக வேலை, எச்சரிக்கை, பிறகு வேறு வகுப்பு. எனக்கும் ஒரு கடிதம் வந்தது: படத்தைப் பார்த்த அன்றே ஏன் சொல்லவில்லை? மூன்று பக்கம் விளக்கம் எழுதினேன். என் கணவர் படித்துவிட்டு, இது விளக்கமா வக்கீல் நோட்டீஸா என்றார். கிழித்துப் போட்டு நான்கு வரி எழுதினேன். எனக்கும் எச்சரிக்கை கிடைத்தது.

அந்தத் தாயிடம் முடிவைச் சொல்லும்போது என் பங்கையும் சொன்னேன்.

“எம் பிள்ள உங்கள நல்ல டீச்சர்னு சொன்னா,” என்றார் அவர்.

நான் தலையாட்டினேன்.

தோழி என்னிடம் பேச நான்கு மாதமானது. கேன்டீனில் தேநீரோடு வந்து நின்றாள்.

“நீ சிரிச்சதையும் எழுதுனியாமே?”

“எழுதுனேன்.”

“சரி,” என்றாள். வேறு மேசைக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள்.