கெண்டைக்கால் ஆராய்ச்சி

கெண்டைக்கால் என்றார் அவர். என் பக்கத்தில் இருந்த பெண் சிரித்துவிட்டாள்; நானும் சேர்ந்துகொண்டேன். உடலியங்கியல் துறையில் முனைவர் பட்டத்துக்குப் புதிதாகச் சேர்ந்தவர்களை வட்டமாக உட்காரவைத்து, யாருக்கு எந்த நோயில் ஆர்வம் என்று எங்கள் வழிகாட்டியான மேடம் விசாரித்துக்கொண்டிருந்தார். ஒருத்தி புற்றுநோய் என்றாள். ஒருவன் மூளை என்றான். மூளையில் எது என்று கேட்டதற்கு, எல்லாமே என்றான். எங்களுக்கு முந்தைய வருடமே சேர்ந்துவிட்டிருந்த சீனியர் சுவரில் சாய்ந்து நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். மேடம் அவரையும் விடவில்லை. அவர் பேன்ட்டைக் கொஞ்சம் தூக்கி, காலின் பின்புறத்தைத் தட்டிக் காட்டி அந்த ஒற்றைச் சொல்லைச் சொன்னார். ஆட்டுக்கால் சூப் கடையில் ஆர்டர் கொடுப்பவரைப் போல இருந்தது.

இப்போது நான் மேசைக்கு மறுபக்கம் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு மருத்துவக் கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். ஆண்டுதோறும் ஆய்வு மாணவர்களுக்கான நேர்காணலில் எனக்கும் ஒரு நாற்காலி போடுவார்கள். பிள்ளைகள் தங்கள் ஆய்வு ஆர்வத்தை அழகாக மனப்பாடம் செய்துகொண்டு வருகிறார்கள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நான், "வீட்ல யாருக்கு?" என்று மட்டும் கேட்பேன். பாதிப் பேருக்கு முகம் மாறிவிடும். சர்க்கரை நோயைப் பற்றி மூச்சுவிடாமல் பேசிய பையனின் அப்பாவுக்குக் கால்விரலை எடுத்திருப்பார்கள். சிறுநீரகம் என்று சொன்ன பெண் அம்மாவை வாரந்தோறும் டயாலிசிஸுக்கு அழைத்துப்போகிறவளாக இருப்பாள். எல்லோருக்கும் இப்படி என்று சொல்ல மாட்டேன். என்னுடைய ஆர்வம் தைராய்டு. மேடத்தின் ஃப்ரிட்ஜில் காலாவதியாகப் போகிற தைராய்டு பரிசோதனைக் கிட்டுகள் ஏராளமாக இருந்ததால் எனக்கு வாய்த்த ஆர்வம் அது. நிச்சயம் செய்த கல்யாணத்தில் காதல் வருவதைப் போல, பிறகு மெதுவாகத்தான் உண்மையான பிடிப்பு வந்தது. சீனியருக்கு அப்படி இல்லை. அவருடைய நோய் அவர் வீட்டுக் கடையில் வரிசையாக நின்றுகொண்டிருந்தது.

தியாகராய நகரில் பெரிய ஜவுளிக் கடைகளின் வெளிச்சம் முடிகிற ஒரு சந்தில் அவர்களுக்கு இரண்டு மாடி ஜவுளிக்கடை. குடும்பம் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தது. சீனியர் பள்ளி விட்டதும் கடைக்கு வந்து, துணிக்கட்டுகளுக்கு நடுவே படுத்து வீட்டுப்பாடம் எழுதி வளர்ந்தவர். படுத்திருப்பவன் கண்ணுக்குக் கடையில் என்ன தெரியும்? கால்கள்தான் தெரியும். காலையில் சாதாரணமாக இருக்கும் கணுக்கால்கள் மாலையில் செருப்பு வாரை அமுக்கிக்கொண்டு வீங்கியிருப்பதைச் சின்ன வயதிலேயே கவனித்திருக்கிறார். உயிரியல் படித்தபோதுதான் காரணம் புரிந்ததாம். இதயம் ரத்தத்தைக் காலுக்கு அனுப்பிவிடுகிறது. அது மேலே ஏறித் திரும்பி வருவதற்குக் கெண்டைக்கால் தசைதான் அமுக்கி அமுக்கித் தள்ள வேண்டும். நடந்தால் தள்ளும். ஒரே இடத்தில் நின்றால் சும்மா இருந்துவிடும். ரத்தம் அங்கேயே தேங்கும், குழாய்கள் விரியும், வருடக்கணக்கில் அப்படியே நின்றால் சுருண்டுகொள்ளும். ஊரில் நரம்பு சுருட்டல் என்பார்கள். நடப்பவரும் உட்கார்பவரும் தப்பித்துவிடுவார்கள், கவுண்டருக்குப் பின்னால் புன்னகையோடு நிற்பவர்தான் மாட்டிக்கொள்கிறார் என்று அவர் விளக்கியபோது, நான் சிரித்ததை நினைத்துக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

அவர் நிரூபிக்க விரும்பியது எளிமையான ஒன்று. வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் கொஞ்சம் உட்காரவிட்டால், மாலை வீக்கம் எவ்வளவு குறையும்? அதை எண்ணாக எழுதி அப்பாவின் முன்னால் வைத்தால், அப்பா கடையில் ஸ்டூல் போடுவார். ஆய்வேட்டில் இந்தக் கடைசி வரி இல்லை. ஆனால் ஆய்வு முழுவதும் அதற்காகத்தான் என்பது லேபில் எல்லோருக்கும் தெரியும்.

அப்பா ஆரம்பத்திலேயே ஒத்துழைத்தார் என்று சொல்ல முடியாது. "ஏல, ஊரு உலகத்துல ஒனக்கு வேற சோலியே கெடைக்கலையா? பொம்பளப் புள்ளைய காலப் பாக்கதுக்கா நான் படிக்க வச்சேன்?" என்று கடையில் எல்லோர் முன்னாலும் கேட்டாராம். சீனியர் அதை அப்படியே நடித்துக் காட்டுவார். நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம்.

அடுத்த முட்டுக்கட்டை மேடத்திடமிருந்து வந்தது. சொந்தக் கடை ஆட்களையே அளக்கிறேன் என்று சீனியர் திட்டத்தை எழுதிக்கொண்டு போனார். மேடம் பரம்பரை மயிலாப்பூர்க்காரர். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "உங்காத்துக் கடையிலே வேலை பாக்கறவா உன்கிட்ட மாட்டேன்னு சொல்ல முடியுமாடா? மாட்டேன்னு சொல்ல முடியாதவா சரின்னா, அது சம்மதமே இல்லை" என்றார். அவ்வளவுதான். தன் கடையில் ஒரு காலைக்கூட அளக்க முடியாமல் போயிற்று. மற்ற கடைகளுக்குப் போனால், போட்டிக் கடைக்காரர் மகன் வேவு பார்க்க வந்திருக்கிறான் என்று ரோஸ்மில்க் கொடுத்து அனுப்பிவைத்தார்கள். அந்த வாரம் முழுவதும் அவர் ரோஸ்மில்க் குடித்துக்கொண்டே இருந்தார்.

கடைசியில் பக்கத்துச் சந்திலிருந்த ஒரு சிறிய கல்யாண மண்டபத்தின் மேலாளர் இடம் கொடுத்தார். அவருக்கே காலில் சுருட்டல். முகூர்த்தம் இல்லாத நாட்களில் சாப்பாட்டுக் கூடத்தில் திரை கட்டிக்கொண்டு உட்கார்வோம். என்னை ஏன் அழைத்துப்போனார் என்றால், ஓர் ஆணின் முன்னால் எந்தப் பெண் புடவையைத் தூக்குவாள்? திரைக்கு உள்ளே நான், வெளியே அவர். அளக்கிற கருவி, பக்கவாட்டில் மூக்கு வைத்த உயரமான ஒரு எவர்சில்வர் பாத்திரம். விளிம்புவரை தண்ணீர் நிரப்பிக் காலை உள்ளே வைத்தால், காலின் அளவுக்குத் தண்ணீர் மூக்கு வழியாக வெளியேறும். வேலைக்குப் போகும்முன் ஒரு தடவை, மாலை டீ இடைவேளையில் ஒரு தடவை. மாலையில் கூடுதலாக வழியும் தண்ணீர்தான் வீக்கம். பல கடைகளிலிருந்தும் பெண்கள் ஒருவர் சொல்லி ஒருவராக வந்தார்கள். சில நாட்கள் மதிய இடைவேளையில் அவர்களை மண்டபத்து நாற்காலியில் கொஞ்ச நேரம் உட்காரவைத்து, அன்றைய வீக்கத்தைத் தனியாகக் குறித்துக்கொண்டோம்.

அவர்களில் சைதாப்பேட்டைப் பெண் ஒருத்தி வாயாடி. "இன்னாக்கா, காலைத் தண்ணில வெச்சா நரம்பு நேராயிடுமா?" என்று முதல் நாளே கேட்டாள். ஆகாது, இது அளப்பதற்கு மட்டும்தான் என்றேன். "அப்போ எங்களுக்கு இன்னா லாபம்? நாங்க பாட்டுக்கு நின்னுக்கினே கீறோம், நீங்க பாட்டுக்கு அளந்துக்கினே கீறீங்க" என்றாள். துடைத்துக்கொள்ளத் துண்டைக் கொடுத்தேன். ஆனாலும் அவள் மறுநாளும் வந்தாள். அந்தத் தண்ணீரில் கால் வைத்தால் இதமாக இருக்கிறதாம்.

நிற்பவர்கள் கிடைத்துவிட்டார்கள். ஒப்பிடுவதற்கு, அதே வயதில் அதே தெருவில் உட்கார்ந்தே வேலை பார்ப்பவர்கள் வேண்டும். ஜவுளிக்கடையில் உட்கார்ந்திருப்பது கல்லாவில் இருப்பவர் மட்டும்தான். அப்படிச் சில கல்லாக்காரர்களைச் சேர்த்த பிறகும் ஆள் போதவில்லை. சீனியர் தயங்கித் தயங்கித் தன் அப்பாவைக் கேட்கலாமா என்றார். மேடம் சிரித்தார். "தாராளமா கேளு. உங்கப்பா உன்கிட்ட மாட்டேன்னு நன்னா சொல்லுவார்."

நன்றாகத்தான் சொன்னார், பல தடவை. பிறகு ஒருநாள் பகலில், யாரிடமும் சொல்லாமல், மண்டபத்து வாசலில் வந்து நின்றார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு. பக்கத்துக் கடைக் கல்லாக்காரர் வந்துபோனது தெரிந்து, தான் மட்டும் வராமலிருந்தால் நன்றாக இருக்காது என்று தோன்றியிருக்க வேண்டும். மகனைப் பார்த்து, "ஏல, நீ வெளிய போ" என்றார். சீனியர் தெருவுக்கே போய்விட்டார்.

திரைக்குப் பின்னால் உட்கார்ந்தவர் வேட்டியைத் தூக்க வெகுநேரம் எடுத்துக்கொண்டார். தூக்கியதும் நான் பாத்திரத்தை ஓரமாகத் தள்ளிவைத்தேன். முழங்காலிலிருந்து கீழே ரத்தக் குழாய்கள் சுண்டுவிரல் தடிமனுக்குப் புடைத்துச் சுருண்டு கிடந்தன. கணுக்காலுக்கு மேல் தோல் கறுத்து, செருப்புத் தோலைப் போல் இறுகியிருந்தது. அதில் புண் ஆறிய தழும்பு ஒன்று, அதன் அருகே ஆறாத ஒன்று. அத்தனை பெண்களில் ஒருத்திக்கும் நான் அப்படிப் பார்த்ததில்லை. "சின்ன வயசுலயே வேற ஒருத்தர் கடையில சேந்தேன். அப்புறம் சொந்தக் கடை வைக்கிற வரைக்கும் நின்னேன்" என்றார், ஏதோ மன்னிப்புக் கேட்பதைப் போல. புண்ணுக்கு உடனே வைத்தியம் பார்க்க வேண்டும் என்று சொல்லி, எங்களுக்குத் தெரிந்த ஒரு மருத்துவரிடம் போகச் சொன்னேன். தலையை ஆட்டினார். வேட்டியை இறக்கிவிட்டு, "அவன்ட்ட சொல்லிராதிய" என்றார்.

நான் சொல்லவில்லை. பரிசோதனைக்கு வந்தவரின் உடம்பைப் பற்றி வெளியே பேசக் கூடாது; அது நாங்கள் முதலில் படிக்கிற பாடம். ஆனால் சீனியர் வந்து, "அப்பாவை உட்காருறவங்க கணக்குல சேத்துக்கலாமா?" என்று கேட்டபோது, வேண்டாம் என்று சொல்லாமல் எப்படி இருப்பது? வேண்டாம் என்றேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. காலில் புண் இருந்தாலொழிய யாரையும் ஆய்விலிருந்து ஒதுக்கக் கூடாது என்று வகுத்தவரே அவர்தான். பாத்திரத்துத் தண்ணீரைக் கொட்டினார், துடைத்தார், துடைத்ததையே மறுபடி துடைத்தார். "அவர் வேட்டியை மடிச்சுக் கட்டி நான் பாத்ததே இல்ல" என்றார். அன்று அவரோடு பஸ் நிறுத்தம்வரை நடந்தேன்.

இனி ஸ்டூல் வந்துவிடும் என்றுதான் நான் நினைத்தேன். தன் காலே சாட்சியாக இருக்கும்போது அவர் எப்படி மறுப்பார்? ஆடித் தள்ளுபடி தொடங்குவதற்கு முன் சீனியர் அப்பாவிடம் ஆய்வின் முடிவைச் சொன்னார். சிறிது நேரம் உட்காரவிட்டாலே மாலை வீக்கம் நன்றாகக் குறைகிறது என்றார். அப்பாவின் காலைப் பற்றி ஒரு வார்த்தை எடுக்கவில்லை. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நான் நின்னுதாம்ல இந்தக் கடை வந்துச்சு. உக்காந்திருந்தா வந்திருக்குமா?" என்றாராம். இந்தத் தடவை சீனியர் அதை நடித்துக் காட்டவில்லை.

எனக்கு அந்த அப்பா மீது கடும் கோபம் வந்தது. கல்நெஞ்சுக்காரர் என்று மேடத்திடமே சொன்னேன். வயது ஏற ஏறத்தான் அந்தப் பதிலைக் கொஞ்சம் கொஞ்சமாக விளங்கிக்கொண்டேன். கடைக்கு அவர் கொடுத்த விலை அந்தக் கால். உட்கார்ந்தாலும் புடவை விற்கும் என்று இன்று ஒப்புக்கொண்டால், அந்த விலை தேவையே இல்லாமல் கொடுத்தது என்றாகிவிடும். எந்த மனிதனால் அதை மகன் வாயிலிருந்து கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியும்? இது எந்த உடலியங்கியல் புத்தகத்திலும் இல்லாதது. நோயாளிகள் ஏன் மருந்தை மறுக்கிறார்கள் என்று என் மாணவர்கள் எரிச்சலோடு கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த வேட்டிதான் நினைவுக்கு வரும்.

சீனியர் பட்டம் வாங்கினார். அப்பாவின் புண் ஆறியது. அதற்கு மேல் அந்தக் காலைப் பற்றி அப்பாவும் மகனும் பேசிக்கொண்டதே இல்லை. சீனியர் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போய்விட்டார். பிறகு, கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்று சட்டமே வந்தது. நான் சந்தோஷமாக ஃபோன் செய்தேன். "ஸ்டூல் வாங்கிப் போட்டுட்டார். யாரும் உக்காரலையாம்" என்றார் சீனியர். எப்படி உட்கார்வார்கள்? முதலாளியின் கல்லா கடையின் வாசலோரம் உயரமாக, உள்பக்கம் பார்த்து இருந்தது. அங்கிருந்து பார்த்தால் கடைசி அலமாரிவரை தெரியும். அவர் யாரையும் அதட்ட வேண்டியதில்லை, நிமிர்ந்து பார்த்தால் போதும். ஸ்டூல்களின் மேல் சட்டைப் பெட்டிகளை அடுக்கிவிட்டார்கள்.

போன தை மாதம் தங்கை மகள் கல்யாணத்துக்குப் புடவை எடுக்க ஆதம்பாக்கத்திலிருந்து அந்தக் கடைக்குப் போனேன். பெரிய கடைகளின் கூட்டம் எனக்கு ஒத்துக்கொள்வதில்லை. மாடியில் இரண்டு பெண்கள் ஸ்டூலில் உட்கார்ந்து புடவைக்கு விலைச்சீட்டு கட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருத்தி என்னைப் பார்த்ததும் எழுந்து, "அக்கா, தண்ணி பாத்திரத்தைக் காணோம்?" என்றாள். சைதாப்பேட்டை வாயாடிதான். கடை மாறி இங்கே வந்திருக்கிறாள். தலையில் நரை.

"உக்கார விடுறாரா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"வாயால ஒண்ணும் சொல்லல. போன தீபாவளி முடிஞ்சதும் ஆசாரியை இட்டாந்தார். கல்லாவைப் பேத்து அந்தாண்ட திருப்பி வெச்சிட்டார். இன்னாத்துக்குன்னு யாரும் கேக்கல. ரெண்டு நாள் சும்மா நின்னுக்கினு இருந்தோம். அப்பால புரிஞ்சிது."

கீழே இறங்கி வந்தேன். அவர் நன்றாக மூத்திருந்தார். கல்லா இப்போது தெருவைப் பார்த்து இருந்தது. கடை முழுவதும் அவர் முதுகுக்குப் பின்னால். என்னைக் கண்டதும், "வாங்க டாக்டரம்மா" என்றார். ஏதாவது பேச வேண்டுமே என்று, "கல்லாவைத் திருப்பிட்டீங்களே அய்யா" என்றேன்.

"ஆமா, தெருவப் பாக்கணும்லா. யாவாரம் தெருவுல இருந்துதான வருது."

"பின்னால என்ன நடக்குதுன்னு உங்களுக்குத் தெரியாதே?"

"தெரிய வேண்டாம்" என்றார்.

அவருக்குப் பின்னால் யாரோ ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காரும் சத்தம் கேட்டது. அவர் என் பில்லைப் பார்த்துக்கொண்டிருந்தார், திரும்பவில்லை.