ஜட்ஜைச் சாகவிடாதவர்

என் கணவர் ரிட்டயர் ஆனதும் எங்கள் வீட்டுக்கு ஓர் அமெரிக்க ஜட்ஜ் குடிவந்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டுக்காரர். விவசாயி மகன், கொஞ்ச காலம் பள்ளிக்கூட வாத்தியார், பிறகு ஒரு வக்கீலிடம் எடுபிடியாக இருந்தே சட்டம் படித்தவர், கடைசியில் ஜனாதிபதி நியமித்த ஃபெடரல் நீதிபதி. மத்திய அரசின் சட்டப் பிரிவில் தலை நரைத்த இவருக்கு அந்த மனிதர்மேல் அப்படி ஒரு பிரியம். அவர் வாழ்க்கையைத் தமிழில் எழுதியே தீருவது என்று உட்கார்ந்துவிட்டார். டைப் அடிப்பது என் தலையில் விழுந்தது.

"அங்க ஃபெடரல் ஜட்ஜுக்கு ரிட்டயர்மென்ட்டே கிடையாது. சாகற வரைக்கும் சீட்ல இருக்கலாம்" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வார். காய்கறி வண்டிக்காரரிடம்கூட இந்தியில் சொன்னார். அவர் "அச்சா" என்று சொல்லிவிட்டு வெண்டைக்காயை நிறுத்தார்.

கிட்வாய் நகர் அரசாங்கக் குவார்ட்டர்ஸைக் காலி செய்து முனிர்காவில் வாடகைக்கு வந்திருந்தோம். பஸ் லோதி ரோடு பக்கம் போனால் இவர் தன் பழைய ஆபீஸ் இருக்கும் திசையைப் பார்க்கவே மாட்டார். நானும் எதுவும் கேட்டுக்கொள்வதில்லை.

புத்தகம் நன்றாகத்தான் போனது, ஜட்ஜுக்கு வயதாகும்வரை. அதற்கப்புறம் நகரவே இல்லை. ஓர் அத்தியாயத்தில் கடும் ஜுரம் வரும். சரி, முடிந்தது என்று நினைப்பேன். அடுத்ததில் எழுந்து, சேற்றிலும் பனியிலும் குதிரை ஏறி, ஊர் ஊராகக் கோர்ட் நடத்தக் கிளம்பிவிடுவார். டைப் அடித்து அடித்து எனக்கு அந்தக் குதிரையை நினைத்தே பாவமாக இருந்தது.

"என்னங்க, இவர் எப்பதான் சாவார்?" என்றேன் ஒருநாள், பீன்ஸ் நறுக்கிக்கொண்டே.

இவர் பேனாவை மூடி வைத்தார். "அவரும் போயிட்டா, நாளைக்குக் காலைல எழுந்து நான் என்ன பண்றது?" என்றார்.

கத்தியைக் கீழே வைத்தேன். "அவர் பாட்டுக்குக் குதிரையேறிப் போயிடறாரே, அவர் சம்சாரம் வீட்ல என்ன பண்ணுவா?" என்று கேட்டுவைத்தேன்.

இவர் எடுத்து வைத்திருந்த குறிப்புகளையெல்லாம் புரட்டினார். "அவளைப் பத்திக் கல்யாணம் ஆன தேதியும் செத்துப்போன தேதியும்தான் இருக்கு" என்றார். முகம் ஒருமாதிரி ஆகிவிட்டது.

அந்த வாரமே ஜட்ஜ் இறந்தார். ஒரே பக்கத்தில், கௌரவமாக. டைப் அடிக்கும்போது எனக்குக் கண் கலங்கியது.

மறுநாள் காலை இவர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்கே வந்துவிட்டார். கையில் பேனா.

"அப்பல்லாம் நான் ஆபீஸுக்குப் போனப்புறம் நீ என்ன பண்ணுவே?"

"ஜட்ஜோட சம்சாரத்துக்காகக் கேக்கறீங்களா?"

"அது அப்புறம். முதல்ல உன்னோடது சொல்லு."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இவர் இதைக் கேட்டதே இல்லை. அடுப்பை அணைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தேன்.